தமிழ் தெரியாத மீனாச்சி

ஆள் தேர்வுக் குழுக்களில் முதல் முறையாக உட்காரப் போகிறவர்களுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். ஓய்வுபெற்று வீட்டில் இருக்கிறவனிடம் இப்படிக் கேட்டால் அவன் லேசில் நிறுத்த மாட்டான். ஆனாலும் கேட்டுவிட்டீர்கள்.

விதிமுறைகளைப் பற்றி நான் பேசப்போவதில்லை. என் காலத்து விதிகள் இப்போது இல்லை. உங்கள் விதிகள் எனக்குப் புரியப் போவதும் இல்லை. மதிப்பெண் எப்படிப் போடுவது, கேள்வி எப்படித் தயாரிப்பது என்பதையெல்லாம் உங்களுக்கு வேறு யாராவது சொல்லித் தருவார்கள். நான் சொல்ல வந்தது ஒரு பெண்ணைப் பற்றியும், அவளை எடுக்கவே கூடாது என்று நின்ற ஒரு தலைமையாசிரியரைப் பற்றியும். இருவருக்கும் நடுவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் நான்.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த சமயம் அது. வெள்ளைக்கார அதிகாரிகள் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். மலாக்காவில் எங்கள் கல்வி அலுவலகத்துத் துரை, மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று, குறித்த நாளுக்கு முன்பே புறப்பட்டுவிட்டார். அவருடைய நாயைப் பியூனிடமும், சாவிக்கொத்தை என்னிடமும் கொடுத்துவிட்டுப் போனார். நாய்க்குப் புது எஜமானர் நிரந்தரம். எனக்குக் கிடைத்த பதவி தற்காலிகம். 'அடுத்த உத்தரவு வரும் வரை' என்றுதான் இருந்தது.

அந்த அறையை இப்போது நினைத்தாலும் மனம் கொஞ்சம் இளகிப்போகும். மாடியில், ஆற்றைப் பார்த்த ஜன்னல். கரி ஏற்றிய தொங்காங் படகுகள் மெதுவாக உள்ளே வரும். மழைக்கு முன்னால் காற்று திரும்பினால் தெங்கேரா பக்கத்திலிருந்து கருவாட்டு வாசனையும் பெலாச்சான் என்ற இறால் விழுதின் வாசனையும் அறைக்குள் வந்துவிடும். துரை ஜன்னலைச் சாத்துவார். நான் திறந்தே வைத்திருந்தேன். அந்த நாற்காலிக்கு நம்மில் ஒருவன் வந்துவிட்டான் என்பதற்கு வேறு அடையாளம் எதுவும் என்னிடம் அப்போது இல்லை.

எல்லோரும் எங்களைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளூர்க்காரர்கள் கையில் கொடுத்தால் காரியம் நடக்குமா, இல்லை, அவனவன் சொந்தக்காரனை உள்ளே இழுத்துப் போட்டுக்கொள்வானா என்ற கேள்வி கிளப்புகளிலும் காப்பிக் கடைகளிலும் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கேள்வியோடுதான் நான் தினமும் சைக்கிளில் அலுவலகம் போனேன்.

புதிய நாட்டுக்கு ஆட்கள் வேண்டும். ஊர் ஊராகப் போய்த் திறமையுள்ளவர்களைத் தேடு, பயிற்சி கொடு, வேலையில் அமர்த்து என்பதுதான் அரசாங்கத்தின் கொள்கை. கேட்க அழகாக இருக்கும். எங்கள் மேசைக்கு வந்து சேரும்போது அது கட்டம் போட்ட தாளாக மாறியிருக்கும். அந்த வருஷம் எங்களுக்கு வந்த வேலை, தமிழ்ப் பள்ளிகளில் மலாய் மொழி கற்பிக்க ஆட்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சிக்கு அனுப்புவது. எல்லாப் பள்ளியிலும் மலாய் கட்டாயம் என்று ஆகிவிட்டது. தோட்டத்துப் பள்ளிகளிலோ சந்தையில் மீன் வாங்கும் அளவுக்கு மலாய் தெரிந்த வாத்தியார்கள்தான் இருந்தார்கள். பாவம், அவர்கள் என்ன செய்வார்கள்.

விதி தெளிவாக இருந்தது. மலாய் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். தமிழும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டும் நியாயமான நிபந்தனைகள்.

குழுவில் நாங்கள் மூன்று பேர். நான் தலைவர். மலாய்ப் பள்ளிகளின் இன்ஸ்பெக்டர் ஒருவர், அதிகம் பேசாதவர், வெற்றிலை போடுவதற்காக மட்டும் அடிக்கடி வெளியே போகிறவர். மூன்றாமவர் செங் என்ற ஊர்ப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியின் தலைமையாசிரியர். வெள்ளைக் கோட்டும் வேட்டியுமாக வருவார். என்னைவிட வயதில் மிகவும் மூத்தவர். அலுவலகத்தில் என்னை 'சார்' என்பார். வெளியில் 'தம்பி' என்பார். நான் எங்கேயும் அவரை 'ஐயா' என்றுதான் கூப்பிடுவேன்.

நேர்முகத் தேர்வு வறட்சியாகப் போய்க்கொண்டிருந்தது. தமிழ் தெரிந்தவர்களுக்கு மலாய் தடுமாறியது. இன்ஸ்பெக்டர் ஒரு கேள்வி கேட்டால் பையன்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். எடுத்தே ஆக வேண்டும் என்பதற்காகச் சிலரை எடுத்தோம். மத்தியானத்துக்கு மேல் அந்தப் பெண் வந்தாள்.

பெயர் மீனாச்சி. கெபாயா மேல்சட்டையும் சாரோங் கைலியும் உடுத்தி, தோளில் ஒரு செலெண்டாங் துணியைப் போட்டிருந்தாள். நெற்றியில் விபூதிக் கீற்று. அவள் காஜா பேராங்கில் இருக்கும் மலாக்கா செட்டிக் குடும்பத்துப் பெண். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: இவர்கள் வட்டிக்கடை நகரத்தார் அல்லர். சுல்தான்கள் ஆண்ட காலத்திலேயே தமிழ்நாட்டிலிருந்து வாணிபத்துக்கு வந்து, இங்கேயே பெண் எடுத்துத் தங்கிவிட்டவர்களின் வம்சம். சாமி நம் சாமி. பெயர் நம் பெயர். தீமிதியும் திருநீறும் உண்டு. வீட்டில் பேசுவது மட்டும் அவர்களுக்கே உரிய ஒரு மலாய். தமிழ் எந்தத் தலைமுறையிலோ கரைந்து போய்விட்டது.

இது எனக்குத் தெரியும், நானும் காஜா பேராங்கில்தான் வாடகைக்கு இருந்தேன். அவர்கள் வீடு எங்கள் வீட்டிலிருந்து ஒரு சந்து தள்ளி. அவளுடைய அப்பா துறைமுகத்தில் குமாஸ்தா. மாரியம்மன் திருவிழாவின்போது அவள் அம்மா எங்களுக்குப் பலகாரம் கொடுத்தனுப்புவார். அந்தப் பெண்ணோடு நான் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை.

தலைமையாசிரியருக்கு அவள் யார் என்று தெரியாது. அவள் நெற்றியைப் பார்த்து முகம் மலர்ந்தவர், வாஞ்சையோடு தமிழில் எந்தப் பள்ளியில் படித்தாய் என்று கேட்டார். அவள் எழுந்து நின்றாள்.

"சாயா தாக் தாவு சக்காப் தமிழ், துவான்" என்றாள். தமிழ் பேசத் தெரியாது, ஐயா.

தலைமையாசிரியர் என் பக்கம் திரும்பினார். "பேரு மீனாச்சி. நெத்தியில துன்னூரு. வாயத் தொறந்தா மலாய். இது என்னா சார் இது?"

அவர் கேலி செய்யவில்லை. உண்மையிலேயே காயப்பட்ட குரல் அது. தமிழ்ப் பள்ளிகள் நிலைக்குமா என்று தினமும் கவலைப்படுகிற மனிதர் அவர். ஒரு தமிழ்ப் பெண்ணின் முகத்தில் அந்தப் பள்ளிகளின் முடிவையே பார்த்துவிட்டவர் போல இருந்தார்.

இன்ஸ்பெக்டர் அவளை மலாயில் விசாரித்தார். அவள் தயங்காமல் பேசினாள். ஒரு சிறுகதை சொல்லச் சொன்னார். வீட்டு வாசலில் ஆமை வந்த கதை ஒன்றைச் சொன்னாள். வெற்றிலைக்கு எழுந்த மனிதர் உட்கார்ந்துவிட்டார். ஆங்கிலப் பள்ளியில் கடைசி வகுப்பு வரை தேறியிருந்தாள். பிறகு நான் கேட்டேன், தமிழ் தெரியாமல் தமிழ்ப் பள்ளிக்கு ஏன் வர விரும்புகிறாய் என்று. அவள் மலாயில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"முதலில் மலாய்ப் பள்ளிக்குத்தான் கேட்டேன், துவான். உன் பெயர் தமிழ்ப் பெயர், தமிழ்ப் பள்ளிப் பக்கம் போ என்றார்கள். இங்கே வந்தால் உன் பேச்சு மலாய் என்கிறீர்கள். நான் எங்கே போகட்டும்?"

குரல் உயரவில்லை. பதிலுக்காகத்தான் கேட்டாள்.  வெளியே காத்திருக்கச் சொன்னோம்.

கதவு சாத்தியதும் இன்ஸ்பெக்டர் தன் கருத்தைச் சுருக்கமாகச் சொன்னார். அவள் வாயில் இருப்பது காஜா பேராங் மலாய், புத்தக மலாய் இல்லை. ஆனால் மொழி அவளுடையது, புத்தகத்தைப் பயிற்சியில் கொடுத்துவிடலாம், பயிற்சி என்பது எதற்கு? அவர் எடுக்கலாம் என்றார்.

தலைமையாசிரியர் முடியவே முடியாது என்றார். அவர் சொன்ன காரணத்தை நான் அப்படியே உங்களுக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நல்ல காரணம்.

"தோட்டத்துப் புள்ளைக்கு வீட்டுலயும் தமிழு, வெளியயும் தமிழு. மொத நாளு பள்ளிக்கூடம் வருது. வாத்தியாரு சொல்றது அதுக்குப் புரியல, அது சொல்றது வாத்தியாருக்குப் புரியலன்னா மறுநாளு வராது சார். அப்புடி வராமப் போனதுங்க இன்னிக்கி எங்க தோட்டத்துல பாலுக்கு மரம் வெட்டிக்கிட்டு இருக்கு. பேரு சொல்லட்டுமா?"

ஒருவர் சரி, ஒருவர் வேண்டாம். தலைவர் சொல்வதுதான் முடிவு. பெயர்களைக் கோலாலம்பூருக்கு அனுப்ப வேண்டிய கெடு நெருங்கிவிட்டது. நான் பேனாவை எடுத்தபோது தலைமையாசிரியர் தணிந்த குரலில் இன்னொன்றும் சொன்னார். விண்ணப்பத்தில் இருந்த முகவரியை அப்போதுதான் பார்த்திருக்கிறார்.

"உங்க ஏரியாப் புள்ளயாட்டம் இருக்கே, சார்."

மிரட்டலாகச் சொல்லவில்லை. வெளியே நாலு பேர் இதைத்தான் பேசுவார்கள் என்பதை எனக்கு ஞாபகப்படுத்தினார். பேனாவைக் கீழே வைத்தேன். வேண்டாம் என்று எழுதினால் எனக்கு எந்தத் தொல்லையும் இல்லை. விதி என் பக்கம். பெயரும் கெடாது. எடு என்று எழுதினால், தற்காலிகத் தலைவர் பக்கத்து வீட்டுப் பெண்ணை விதியை மீறி எடுத்தார் என்றாகும். இதில் எதை நான் தேர்ந்தெடுத்தாலும் அவளைப் பற்றி யோசித்ததாக ஆகாது, என்னைப் பற்றி யோசித்ததாகத்தான் ஆகும் என்று தோன்றியது. ஆக, முடிவெடுக்கக் கூடாத ஆள் அந்த அறையில் நான்தான்.

அதனால் தலைமையாசிரியரிடம் சொன்னேன்: "ஐயா, நாளைக்கு அவ உங்க பள்ளிக்கூடத்துக்கு வரட்டும். ஒண்ணாம் வகுப்புல ஒரு பாடம் நடத்தட்டும். பாத்துட்டு நீங்க என்ன சொல்றீங்களோ அதுதான் என் முடிவும்."

அவர் சரி என்று தலையசைத்தார். வேண்டாம் என்று நிற்கிறவரிடமே தீர்ப்பைக் கொடுத்தால் அவர் பொறுப்பாகப் பார்ப்பார் என்று நம்பினேன். தவறாகவும் போயிருக்கலாம். அதை முன்கூட்டித் தெரிந்துகொள்ள வழியில்லை.

மறுநாள் காலை நானும் போனேன். செங் பக்கம் அப்போது இப்போது மாதிரி இல்லை. வீடமைப்பும் தொழிற்சாலையும் வராத காலம். சாலையின் இருபுறமும் ரப்பர் மரங்கள் நிழலாக நிற்கும். பால் எடுத்துக்கொண்டு பெண்கள் வரிசையாகப் போவார்கள். பள்ளி என்பது தகரக் கூரை போட்ட ஒரு நீளக் கொட்டகை. மீனாச்சி பஸ்ஸில் வந்து, சாலையிலிருந்து நடந்து, எனக்கு முன்பே வந்து நின்றிருந்தாள். செருப்பெல்லாம் செம்மண்.

நாங்கள் இருவரும் பின்னால் உட்கார்ந்தோம். குறுக்கே பேசுவதில்லை என்பது ஏற்பாடு.

அவள் எண்களில் ஆரம்பித்தாள். ஒரு விரலைக் காட்டி 'சாத்து' என்றாள். இரண்டு விரலுக்கு 'டுவா'. பிள்ளைகள் விழித்தார்கள். அப்புறம் விரலைக் காட்டி, உங்கள் மொழியில் என்ன என்பது போலக் கையை விரித்தாள். ஒரு பையன் 'ஒண்ணு' என்றான். அவள் 'ஒண்ணு' என்று திருப்பிச் சொன்னாள். அவள் சொன்ன விதத்தில் வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்தாள். சாத்து, ஒண்ணு. டுவா, ரெண்டு. பிள்ளைகளுக்கு விளையாட்டாகிவிட்டது. கூச்சல் ஏறியது. எனக்குச் சற்று நிம்மதியாக இருந்தது. தலைமையாசிரியர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

முன்வரிசையில் ஒரு சின்னப் பெண் எழுந்து நின்றாள். முதுகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவள் ஏதோ சொன்னாள். கூச்சலில் எங்களுக்குக் கேட்கவில்லை. மீனாச்சி குனிந்து கேட்டாள். குழந்தை மறுபடியும் சொன்னாள். மீனாச்சியின் முகம் பிரகாசமாகிவிட்டது. "பாகுஸ்! சாத்து!" என்று விரலைத் தூக்கிக் காட்டினாள். சபாஷ், ஒண்ணு! குழந்தை தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் சொன்னாள். மீனாச்சி மறுபடியும் ஒரு விரலைக் காட்டிப் பாராட்டினாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு வேறு மாதிரியான சிரிப்பு என்று எனக்கு உறைப்பதற்குள் தலைமையாசிரியர் எழுந்துவிட்டார். அதற்குள் ஆகிவிட்டது. குழந்தையின் பாவாடை நனைந்து, காலடியில் ஈரம் பரவியது.

அவள் கேட்டது 'ஒண்ணுக்கு'. மீனாச்சிக்குக் கேட்டதோ சற்றுமுன் கற்ற 'ஒண்ணு'.

குழந்தை விம்மி விம்மி அழுதாள். மற்றப் பிள்ளைகள் கைகொட்டினார்கள். மீனாச்சிக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் முகம் போன போக்கை என்னால் பார்க்க முடியவில்லை. தலைமையாசிரியர் அப்படியே நின்றுவிட்டார். அவர் சொன்னது எல்லாம் எங்கள் கண்ணெதிரே நடந்து முடிந்திருந்தது. தேர்வும் முடிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

மீனாச்சி தோளிலிருந்த செலெண்டாங்கை உருவினாள். குழந்தையின் இடுப்பைச் சுற்றிக் கட்டினாள். அப்படியே வாரித் தூக்கிக்கொண்டு, கெபாயா நனைவதைப் பார்க்காமல், பின்பக்கம் குழாயடிக்குப் போனாள். தலைமையாசிரியர் வகுப்பைப் பார்த்து ஒரு அதட்டல் போட்டுவிட்டு அவள் பின்னால் போனார். நானும் போனேன்.

குழந்தைக்குக் கால் கழுவிவிட்டுக்கொண்டே, நிமிராமல், இவள் என்ன சொன்னாள் என்று அவரிடம் கேட்டாள். அவர் சொன்னார். மறுபடியும் சொல்லச் சொன்னாள். 'ஒண்ணுக்கு' என்று தனக்குள் சொல்லிப் பார்த்தாள். மற்றதற்கு என்ன என்றாள். அவர் 'ரெண்டுக்கு' என்றார். அப்புறம் வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனாள். வயிறு வலித்தால் என்ன சொல்வார்கள்? பசித்தால்? பயமாக இருந்தால்? பக்கத்துப் பிள்ளை அடித்தால்? வீட்டுக்குப் போகணும் என்றால்?

அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். ஆரம்பத்தில் கடுகடுப்பாகச் சொன்னவர் போகப் போக மெதுவாகச் சொன்னார். அவள் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். தப்பாகச் சொன்னபோது அவள் இடுப்பிலிருந்த குழந்தையே அழுகையோடு திருத்தினாள்.

பிறகு அவள் வகுப்புக்குத் திரும்பிப் போனாள். போக வேண்டாம், போதும் என்று நான் சொன்னேன். பாடம் இன்னும் முடியவில்லை, துவான் என்றாள். குழந்தையை மேசைக்குப் பக்கத்தில் தன் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, மூன்று விரலைத் தூக்கி 'தீகா' என்றாள்.   அப்புறம் யாரோ ஒரு பிள்ளை 'மூணு' என்றது.

நாங்கள் வெளியே கொட்டகை ஓரத்தில் நின்றோம்.  தலைமையாசிரியர் தோட்டத்துப் பக்கம் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நாஞ் சொன்னது தப்புன்னு சொல்ல மாட்டேன், தம்பி. நீங்களே பாத்தீங்க. ஆனா அவ எங்கிட்ட கரும்பலகைக்குத் தமிழ்ல என்னா, புத்தகத்துக்கு என்னான்னு கேக்கல. புள்ளைக்கு எது அவசரமோ அதக் கேட்டா. தமிழ் தெரிஞ்ச வாத்தியாருங்க இங்க இருக்கோம். இது மாதிரி ஆயிப்போச்சுன்னா நாங்க என்னா செய்வோம்? வெளிய நிக்க வெப்போம்."

எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டேன். எழுதிக்கொள்ளுங்கள் என்றார். பயிற்சிக் காலத்தில் அவள் தமிழ் படிக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை போடச் சொன்னார். போட்டேன். அன்று மத்தியானமே பெயர்கள் போய்விட்டன.

கதை இத்தோடு முடிந்திருந்தால் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டேன்.

சில வாரங்கள் கழித்துக் கோலாலம்பூரிலிருந்து மேலதிகாரி ஒருவர் வந்தார். அவரும் நம்மவர்தான், கெட்டிக்காரர். நாள் முழுதும் அலுவலகத்தைப் பார்வையிட்டார். புறப்படுமுன் என் அறையில் உட்கார்ந்து, தமிழ்ப் பள்ளிப் பட்டியலில் தமிழ் தெரியாத ஒருத்தி எப்படி வந்தாள் என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். அவள் என் வட்டாரத்துப் பெண் என்பதையும் நானே சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். 

அவர் சொன்னதன் சாரம் இது: நீங்கள் எடுத்த முடிவு சரியாகவே இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு மாநிலத்திலும் ஒருவர் இப்படித் தனக்குச் சரியென்று பட்டபடி விதியை வளைத்தால், நாளைக்கு வேறொருவர் தன் மைத்துனனுக்காக வளைப்பார். அப்போது அவரை எந்த வாயால் கேட்பேன்? ஒரு தொலைபேசி போட்டுக் கேட்டிருக்கலாமே.

கேட்டிருந்தால் முடியாது என்றிருப்பீர்கள் என்றேன். இருக்கலாம் என்றார். கைகுலுக்கிவிட்டுப் போனார். அவளுடைய பெயரை அவர் அடிக்கவில்லை. அதற்காக இன்றும் அவரை நன்றியோடு நினைக்கிறேன். ஆனால் அந்த நாற்காலி எனக்கு நிரந்தரமாகவில்லை. வடக்கிலிருந்து ஒருவர் அதிகாரியாக வந்தார். நான் பழையபடி பக்கத்து அறைக்குப் போனேன். அந்த அறைக்கு ஆற்றைப் பார்த்த ஜன்னல் கிடையாது.

வருத்தமில்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், நம்பவும் கூடாது. அந்த மாதங்களில் வீட்டில் நான் சரியாகவே பேசவில்லை. என் மனைவி ஒரு நாள் சாப்பாடு போட்டுக்கொண்டே, அந்தப் பொண்ணு நல்லாத்தானே படிக்குது, அப்புறம் என்ன என்று கேட்டாள்.  சந்துக்கு அந்தப் பக்கம் மீனாச்சியின் அப்பா என்னைப் பார்த்தால் சைக்கிளை விட்டு இறங்கிவிடுவார். அது எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது. உங்கள் பெண்ணுக்கு நான் எந்த உபகாரமும் செய்யவில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? அது உண்மையும்கூட. அவளே சம்பாதித்துக்கொண்டது அது.

இதிலிருந்து என்ன தெரிந்துகொள்வது என்று கேட்பீர்கள். மேலதிகாரி சொன்னதும் சரி, நான் செய்ததும் சரி என்று நாற்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒன்று மட்டும் உறுதியாகத் தெரியும். திறமையைத் தேடுகிறோம் என்று சொல்லிக்கொண்டு நாம் பெரும்பாலும் நம் கட்டத்துக்குள் அடங்குகிற ஆளைத்தான் தேடுகிறோம். எந்தக் கட்டத்திலும் அடங்காதவர் எதிரே வந்து நின்றால், உடனே 'இல்லை' என்று எழுதிவிடாதீர்கள். அவர் செய்யப்போகும் வேலையைப் பற்றி அதிகம் கவலைப்படுகிறவர் யார் என்று பாருங்கள். அந்தக் கவலை எதிர்ப்பாகவே இருந்தாலும் முடிவை அவரிடமே கொடுத்துவிடுங்கள். அப்புறம் விளைவு எதுவானாலும் தாங்கிக்கொள்ளுங்கள். முதலில் தொலைபேசியும் போட்டுவிடுங்கள்.

மீனாச்சியின் பயிற்சி முடிகிற சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை தலைமையாசிரியர் எங்கள் வீட்டுக்கு வந்தார். பெச்சா என்ற சைக்கிள் ரிக்ஷாவிலிருந்து இறங்கினார். அதே வெள்ளைக் கோட்டு. அதற்கு முன் அவர் வீட்டுக்கு வந்ததே இல்லை. காப்பி கொடுத்தோம். உட்கார்ந்து, மழையைப் பற்றியும் ரப்பர் விலையைப் பற்றியும் பேசினார். பிறகு, அவள் சனிக்கிழமைகளில் பஸ் பிடித்து அவர் பள்ளிக்கு வந்து ஒண்ணாம் வகுப்புப் பெஞ்சில் பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கிறாள் என்றார். ழகரம் மட்டும் வரவே மாட்டேன் என்கிறதாம்.

வந்த விஷயத்துக்கு வந்தார். அவளைத் தன் பள்ளிக்கே போட வேண்டும் என்றார்.

"ஐயா, ஆளப் போடறது இப்ப என் கையில இல்லையே" என்றேன்.

"தெரியும். அதான் ஆபீசுக்குப் போவாம வீட்டுக்கு வந்தேன். புது ஆளுகிட்ட நானே போய்க் கேக்குறேன். அவரு என்னா ஆட்சேபம் சொல்லுவாருன்னு மட்டும் சொல்லுங்க."

தமிழ்த் தேர்வில் அவள் சுமாராகத்தான் தேறியிருந்தாள். அதைத்தான் சொல்வார் என்றேன். தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். காப்பி டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தார்.

மறுநாள் அவர் புதிய அதிகாரியின் அறைக்குள் போனபோது நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன். நடுவில் பலகைச் சுவர். நான் சொன்ன ஆட்சேபத்தையே அதிகாரி எடுத்தார். இந்தப் பெண்ணுக்குத் தமிழ் சரியாக வராது, பட்டணத்துப் பள்ளி ஏதாவது ஒன்றில் போட்டுவிட்டு உங்களுக்கு வேறு நல்ல ஆளாகத் தருகிறேனே என்றார்.

"அவளுக்குத் தமிழு வராதுங்கிறது எல்லாரையும் விட எனக்கு நல்லாத் தெரியும், சார்" என்று தலைமையாசிரியர் சொல்வது கேட்டது. "வேற பள்ளிக்கூடத்துக்குப் போனா அதச் சொல்லித் திருப்பி அனுப்பிடுவாங்க. அதனாலதான் எங்கிட்ட குடுங்கங்கறேன்."

கொடுத்தார்கள். தான் ஓய்வுபெறும் வரை அவர் அவளை வேறெந்தப் பள்ளிக்கும் விடவில்லை.